அறுபது ஞாயிறுகள்

மூன்று வருஷத்துக் கதையை முதலில்
தோல் கம்பெனிச் சம்பளத் தாளின் பின்பக்கத்தில்தான் போட்டேன்.
முன்னால் ராணிப்பேட்டை ஓவர்டைம் கணக்கு,
பின்னால் ஆற்றைத் திருடிய அரசன்.

பன்னிரண்டாவது ஞாயிறு அணையின் வரைபடம் கிடைக்கும்.
இருபத்தேழில் துரோகம்.
நாற்பதில் ஒருவர் சாக வேண்டும்,
யாரென்று எழுதவில்லை, பென்சிலால் ஒரு வட்டம் மட்டும்.
அறுபதில் அரசனின் முகமூடி கழலும்.
உள்ளே இருப்பது

(சொல்ல மாட்டேன்.
கோதண்டன் இதைப் படிப்பான்.)

தோட்டப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்
வாடகைக்குப் போகாத ஓர் அறை.
ஃபேனை இரண்டில் வைத்தால் வெந்துபோவோம்,
மூன்றில் வைத்தால் நாடே பறக்கும்.
மே மாதம் மூன்றில் வைத்து
வரைபடத்தின் நாலு மூலையிலும்
இலவம்பாடிக் கத்திரிக்காய் வைத்தோம்.
நஸ்ரீன் சந்தையிலிருந்து நேராக வந்திருந்தாள்.
முள் குத்திய கிழக்கு மூலைக்கு
அன்றே முட்காடு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.
அங்கே நான் ஒரு நகரம் கட்டியிருந்தேன்.
தெருத்தெருவாகப் பெயர் உண்டு.
அழித்தேன்.

எபினேசர் கதவைத் தட்ட மாட்டான், உடைப்பான்.
கதவில் நான் செதுக்கி வைத்த மூன்று பக்க ரகசியம்
கதவோடு போகும்.
கோதண்டன் லாங் பஜாரில் வெங்காய மண்டி வைத்திருப்பவன்,
பூதத்திடமும் பேரம் பேசுவான்.
ஒருநாள் வழியில் நின்ற கழுதைக்காரனிடம்
இரண்டு மணிநேரம் பேசினார்கள்.
அந்த நிமிஷம் நான் உண்டாக்கிய ஆள்.
பெயரென்ன என்றார்கள்.
சுவரில் காலண்டர். வளர்பிறை என்றேன்.
இன்றைக்கு வளர்பிறைதான் பாதிக் கதை.
அரசனை யாரும் விசாரிப்பதில்லை.

பதினெட்டாவது ஞாயிறு
பக்கத்து லாட்ஜிலிருந்து ஒருவர் நகலெடுக்க வந்தார்.
அப்பாவின் ரிப்போர்ட், நாலு காப்பி.
மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டு ஏறி வந்தார்.
தீபாங்கர். ஊர் மால்டா.
தெரிந்த தமிழ்: தண்ணி, எவ்ளோ, டோக்கன்.
நஸ்ரீனின் உருதுவும் அவருடைய இந்தியும்
நடுவில் எங்கோ சந்தித்துக்கொண்டன.
யாராக ஆடுகிறீர்கள் என்று கேட்டோம்.
படகோட்டி என்றார்.

ஆறு திருடுபோன நாட்டில்
படகோட்டி.
எபினேசர் சிரித்தான்.
நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

எட்டு ஞாயிறு ஆடினார்.
மணலில் படகை இழுத்துக்கொண்டே வந்தார்.
குதிரை தருகிறேன், படகை விடு என்றான் கோதண்டன்.
விடவில்லை.
ஒருமுறை பகடையில் இருபது விழுந்தது.
என்ன வேண்டுமானாலும் கேட்கலாம்.
மணலுக்கடியில் ஈரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.
இருக்கிறது என்றேன்.
திட்டப்படி ஈரம் முப்பத்தெட்டில்தான்.

இருபத்தாறில் நாற்காலி காலி.
விடியற்காலையிலேயே காட்பாடிக்கு ஆட்டோ பிடித்தார் என்றது லாட்ஜ்.
அப்பாவும் கூடவா?
கவுண்டரில் இருந்த பையன் புதுசு,
கவனிக்கவில்லை.

அடுத்தது துரோகம்.
துரோகி யாரென்று இப்போது சொல்லலாம்:
கடைசியாகச் சேர்ந்தவர்.
அவர் வருவதற்கு வெகுமுன்பே எழுதியது.
நாற்பதின் வட்டத்தில் அவரைப் போட்டுவிடேன், வசதி,
என்றான் எபினேசர்.
சொல்லிவிட்டு அவனே
அந்த நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்தான்.

கம்பெனி கட்டிங்கில்
முள்வேலி கிழித்த தோல் வந்தால் தூக்கிப்போட மாட்டார்கள்,
தைக்கவும் மாட்டார்கள்.
ஓட்டையைச் சுற்றி அச்சை வைப்பார்கள்.
அந்த வாரம் ஓவர்டைம் கணக்கு தப்பாகப் போனது.
இருபத்தேழிலிருந்து அறுபதுவரை
ஒரு படகைச் சுற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் பாலாற்றில் நிஜமாகவே தண்ணீர்.
ஆட்டத்தை விட்டுவிட்டு
விருதம்பட்டுப் பாலத்துக்கு ஓடினோம்.
ஊரே போனைத் தூக்கிப் பிடித்து நின்றது.
படகை எங்கே விட்டோம் என்றான் கோதண்டன்.
முட்காட்டில், என்றாள் நஸ்ரீன்,
கத்திரிக்காய் வைத்த இடத்தில்.
கட்டியிருக்கா?
நான் எழுதி வைக்கவில்லை.

எபினேசர் சட்டைப்பையிலிருந்து பகடையை எடுத்து
பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உருட்டினான்.
அது நிற்காமல் உருண்டு
ஆற்றில் விழுந்தது.
என்ன விழுந்திருக்கும் என்று
நாலு பேரும் எட்டிப் பார்த்தோம்.